ஏர் ரைபிள் பயிற்சிக்கு ஓடும் இலக்கு: தோப்பில் நாமே கட்டிக்கொள்வது எப்படி

பத்து மீட்டரில் அசையாமல் நிற்கும் அட்டையைச் சுட்டுச் சுட்டு அலுத்துப்போனவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். எந்த மோட்டார் வாங்கணும், எத்தனை வோல்ட் பேட்டரி, ரிமோட் வைக்க முடியுமா என்று. மோட்டாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அது இல்லாமலே வேலை நடக்கும். அட்டையை ஓட்டுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. அது ஓடுகிற நீளம் முழுவதுக்கும் பின்னால் குண்டை வாங்கிக்கொள்ள ஒரு தடுப்பு வேண்டுமே, அதில்தான் உழைப்பும் காசும் போகும். நிற்கிற அட்டைக்கு இரண்டடி அகலத்தில் ஒரு பெட்டி போதும். அட்டை ஐந்து மீட்டர் ஓடி, அந்த ஐந்து மீட்டரிலும் நீங்கள் சுடுவதாக இருந்தால் ஐந்து மீட்டருக்கும் மேலாகச் சுவர் எழுப்ப வேண்டும். ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்: எவ்வளவு அகலத்துக்குத் தடுப்பு கட்ட முடியும் என்று முதலில் பாருங்கள், அதுதான் உங்கள் ஓட்டத்தின் நீளம்.

போட்டியிலும் இப்படித்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தூரத்தில் மான் உருவத்தை ஓடவிட்டுச் சுட்டார்கள், 1972 மியூனிக்கில் அது ஐம்பது மீட்டர் ஆனது, 1992 பார்சிலோனாவில் ஏர் ரைபிளுக்கு மாறிப் பத்து மீட்டருக்கு வந்தது. 2004 ஏதென்ஸோடு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் உலகப் போட்டிகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பத்து மீட்டர் போட்டியில் அட்டை கண்ணுக்குத் தெரிவது இரண்டு மீட்டர் இடைவெளியில் மட்டும். மெதுவான ஓட்டத்தில் அதை ஐந்து வினாடியில் கடக்கும், வேக ஓட்டத்தில் இரண்டரை வினாடியில். அதாவது வினாடிக்கு 40 செ.மீ., 80 செ.மீ. இந்த இரண்டு வேகத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்கிற எல்லா அளவும் இதிலிருந்துதான் வருகிறது.

எந்தத் துப்பாக்கி, எந்த இடம்

இங்கே சொல்வது 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு மட்டும். நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி இந்த அளவுக் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் உரிமம் தேவையில்லை; வாங்கும்போது அடையாளச் சான்று கேட்பார்கள், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆற்றல் உள்ளதற்கும், நிஜத் தோட்டா துப்பாக்கிக்கும் இந்தத் தடுப்பு போதவே போதாது. அதெல்லாம் கிளப் ரேஞ்சில் மட்டும். உரிமம் வேண்டாம் என்பதால் இது விளையாட்டுச் சாமானும் இல்லை. அரை கிராம் ஈயக் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வாக்கில் கிளம்புகிறது, கண்ணில் பட்டால் கண் போய்விடும், தடுப்பைத் தாண்டிவிட்டால் சில நூறு மீட்டர் போகும்.

அதனால் மதுரைக்குள் மொட்டை மாடியில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில், கூடாது. நான்கு பக்கமும் அடுத்த மாடியில் துணி காயப்போட ஆள் வரும். நகரத்தில் இருப்பவர்களுக்கு நீளமான காலிக் கொட்டகை கிடைத்தால் நல்லது: மூடிக்கிடக்கும் அரிசி ஆலை, பழைய கோழிப் பண்ணை மாதிரி, பத்து மீட்டரும் மேற்கொண்டு கொஞ்சமும் நீளம் வருவது. கூரை இருந்தால் ஆடிக் காற்றுத் தொல்லையும் இல்லை. வெளியே என்றால் சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் சொந்தக்காரர் தென்னந்தோப்பு இருக்கும், உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பக்கத்துத் தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சத்தத்துக்கே "என்ன தம்பி, மயிலு சுடுறீங்களா?" என்று ஆள் வந்து நிற்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். 1972 வன உயிரினச் சட்டத்தில் மயிலுக்கு உச்சபட்சப் பாதுகாப்பு இருக்கிறது. மயில், புறா, அணில், தெருநாய் எதன் பக்கமும் குழல் திரும்பக்கூடாது. அட்டையும் பலூனும் மட்டும்தான் இலக்கு.

கண்மாய்க் கரை இயற்கையாகவே மண்சுவர்தானே என்று தோன்றும். கரை மேலேயே நடைபாதை, எந்த நேரமும் ஆடு மாடு ஓட்டிக்கொண்டு யாராவது தலைகாட்டுவார்கள், அதோடு ஈயம் தண்ணீருக்குள் போகும். வேண்டாம். மேலூர் பக்கம் கைவிட்ட கல்குவாரியைக் காட்டி இதைவிடப் பெரிய சுவர் எங்கே கிடைக்கும் என்பார்கள், அது இன்னும் மோசம். கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, நேராக உங்களை நோக்கியே வரலாம். குவாரிக் குழியில் தண்ணீர் வேறு நிற்கும்.

தடுப்புச் சுவர்

இதுதான் முதல் வேலை, இது முடிகிற வரை துப்பாக்கியை உறையிலிருந்தே எடுக்காதீர்கள். காலி சிமெண்ட் சாக்கு, அதில் சலித்த மணல் அல்லது கல் இல்லாத செம்மண். சலிப்பது முக்கியம், ஒரு சரளைக்கல் போதும் குண்டைத் திருப்பி அனுப்ப. முக்கால் சாக்கு நிரப்பி வாயைக் கட்டிப் படுக்கப் போட்டு, இணைப்பு மேல் இணைப்பு வராமல் வரிசை மாற்றி அடுக்க வேண்டும். மூன்று மீட்டர் அகலம், ஆளுயரம் என்று வைத்தால் ஏறக்குறைய எழுபது எண்பது மூட்டை பிடிக்கும். கேட்கவே மலைப்பாக இருக்கிறதா? அதனால்தான் கீழே ஊஞ்சல் முறையை முதலில் சொல்லப்போகிறேன், அதற்கு இரண்டு மீட்டர் சுவரே தாராளம்.

சிமெண்ட் சாக்கு வெயிலில் சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். மேலே பழைய ஃபிளெக்ஸைப் போர்த்திவிடுங்கள், மதுரையில் ஃபிளெக்ஸுக்கா பஞ்சம். எந்தத் தலைவர் முகம் அட்டைக்குப் பின்னால் வருகிறது என்று மட்டும் பார்த்து, வெள்ளைப் பக்கத்தை வெளியே திருப்பிக் கட்டுங்கள், வம்பு வேண்டாம்.

சுவருக்கு ஓரடி முன்னால் பழைய ஜமக்காளத்தையோ கனமான கம்பளியையோ இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டக்கூடாது, கீழ்ப் பக்கம் தளர்வாக ஆட வேண்டும். துணி பின்னால் போய்க் குண்டின் வேகத்தைத் தின்றுவிடும், பாதிக் குண்டு அங்கேயே விழுந்துவிடும், பொறுக்குவதும் சுலபம். தென்னை மரத்தையே தடுப்பாக நினைக்காதீர்கள். உருண்டையான தண்டில் ஓரமாகப் பட்ட குண்டு பக்கவாட்டில் தெறிக்கும், மரத்துக்கும் கேடு. தகரம், செங்கல் சுவர், பழைய டயர் எதுவும் வேண்டாம். டயரைப் பலர் நல்லது என்று நினைக்கிறார்கள், ரப்பர் குண்டைத் திருப்பி எறியும்.

கட்டி முடித்ததும் நிற்கிற அட்டையை வைத்து, சுவரின் நடு, இரண்டு ஓரம், மேல் வரிசை என்று எல்லா இடத்திலும் சுட்டுப் பார்த்து, பின்பக்கம் போய் ஏதாவது வெளிவந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃகு பி.பி. உருண்டைகளை இந்த இடத்துக்கே கொண்டுவர வேண்டாம், அது எதில் பட்டாலும் துள்ளும். தட்டைத் தலை ஈயப் பெல்லட் மட்டும். காகிதத்தில் ஓட்டையும் வட்டமாக, அழகாக விழும்.

ஊஞ்சல் இலக்கு

புதியவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. செலவு கிட்டத்தட்ட இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை, ஆனால் ஓடும் இலக்கில் கற்க வேண்டியதில் முக்கால்வாசியை இதுவே கற்றுக்கொடுத்துவிடும்.

இரண்டு தென்னைக்கு நடுவே ஐந்தேகால் மீட்டர் உயரத்தில் ஒரு மூங்கிலைப் படுக்கையாகக் கட்டுங்கள், மரத்தைச் சுற்றிச் சாக்கு வைத்துக் கயிற்றால் கட்டினால் போதும், ஆணி அடிக்க வேண்டாம். மரம் ஏறத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். மூங்கிலிலிருந்து ஒரே நீளமுள்ள இரண்டு கயிறுகளை ஒன்றரை அடி இடைவெளியில் நேராகக் கீழே இறக்கி, ஒன்றரை அடிச் சட்டம் ஒன்றில் கட்டுங்கள். ஒரே கயிறு போட்டால் அட்டை சுழன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இரண்டு கயிறு இருந்தால் பக்கவாட்டில் ஆடும்போதும் மட்டம் மாறாது. சட்டத்தில் சன்பேக் சீட்டை, அதாவது விளம்பரப் பலகைக்குப் போடும் லேசான பிளாஸ்டிக் அட்டையை மாட்டி, அதன் மேல் இலக்குக் காகிதம். ஃபிளெக்ஸ் கடையில் சன்பேக் வெட்டுத்துண்டு கேட்டாலே கிடைக்கும். காகிதத்தைப் பிடிக்கப் பிளாஸ்டிக் துணி கிளிப் போடுங்கள், இரும்பு கிளிப் வேண்டாம். வெறும் அட்டை லேசானது, காற்றிலேயே ஆட்டம் நின்றுவிடும். அட்டைக்குக் கீழே துணிப்பையில் இரண்டு கிலோ மணல் கட்டித் தொங்கவிட்டால் நிதானமாக ஆடும்.

மூங்கிலிலிருந்து கனத்தின் நடுப்பகுதி வரை நான்கு மீட்டர் இருந்தால் ஒருமுறை போய்த் திரும்ப நான்கு வினாடி ஆகும். பத்து ஆட்டத்துக்கு நாற்பது வினாடி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சரிபார்க்கலாம். அட்டையை 25 செ.மீ. பக்கவாட்டில் இழுத்துவிட்டால் நடுவில் கடக்கும்போது வினாடிக்கு 40 செ.மீ. வேகம் வரும், 50 செ.மீ. இழுத்துவிட்டால் 80. போட்டியின் இரண்டு வேகமும் ஒரு கயிற்றிலேயே கிடைத்துவிட்டது! கொட்டகைக்குள் உயரம் இல்லை, கயிறு இரண்டு மீட்டர்தான் என்றால் பத்து ஆட்டம் 28 வினாடி, இழுக்க வேண்டியது 18 செ.மீ., 36 செ.மீ.

இழுத்துவிட யாரும் அட்டை பக்கம் நிற்கக்கூடாது. சட்டத்தின் ஒரு ஓரத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, பக்கத்தில் அடித்த முளையின் வளையத்துக்குள் விட்டு, சுடும் கோட்டுக்குப் பின்னால் வரை கொண்டுவந்துவிடுங்கள். உதவியாள் அங்கே நின்று, அடையாள முடிச்சு வரும்வரை இழுத்து விட்டுவிடுவார். ஆட ஆட வீச்சு குறையும், ஆனால் போய்த் திரும்பும் நேரம் அதேதான், ஆகவே அட்டையின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மூன்று நான்கு ஆட்டத்துக்குள் ஒரு குண்டு போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் காத்திருந்து, அட்டை தூங்கி விழும்போது சுட்டுப் பத்து எடுப்பதில் ஒன்றும் இல்லை.

கம்பியில் ஓடும் இலக்கு

ஊஞ்சலில் அட்டையின் வேகம் ஒவ்வொரு இடத்திலும் மாறும். சீரான வேகம் வேண்டும் என்றால் கம்பிக்கு வர வேண்டும். மூன்று மீட்டர் சுவருக்கு முன்னால், அட்டை தெரிவதற்கு நடுவில் இரண்டு மீட்டர் திறந்த இடைவெளி விட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாத மறைப்பு. அட்டை மறைப்புக்குள்ளிருந்து கிளம்பி, அங்கேயே ஆட்டம் அடங்கி, சீரான வேகத்தோடு வெளியே வரும், அடுத்த மறைப்புக்குள் போய் நிற்கும். மறைப்பைச் சன்பேக்கிலோ துணியிலோ கட்டலாம், ஆனால் அது கண்ணுக்கான மறைப்பு மட்டுமே. அட்டை அதற்குள் போய்விட்டால் விரல் விசையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இது முதல் நாளே கையில் படிய வேண்டிய பழக்கம், துரத்திக்கொண்டே போய்ச் சுவரில்லாத இடத்தில் சுட்டுவிடுவது ஓடும் இலக்கில் மட்டுமே வரும் ஆபத்து.

இரண்டு சவுக்குக் கம்பு, எட்டடி நீளம், இரண்டடி மண்ணுக்குள், ஐந்து மீட்டர் இடைவெளியில். கட்டுக்கம்பி போதாது, மூன்று மி.மீ. ஜி.ஐ. கம்பி வாங்கி, ஒரு முனையில் டர்ன்பக்கிள் (கம்பியை இழுத்து இறுக்கும் திருகு) போட்டு முறுக்குங்கள். முறுக்க முறுக்கக் கம்பு உள்பக்கம் சாயும், அதனால் வெளிப்பக்கம் ஒரு இழுகயிற்றை முளையில் கட்டிவிட வேண்டும். கம்பியில் ஸ்லைடிங் கதவு ரோலர் இரண்டு, அவற்றிலிருந்து தொங்கும் சட்டம். ரோலர் கம்பியில் உட்காரும் பள்ளம் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பியும் ரோலரும் இலக்கின் நடுவிலிருந்து இரண்டடியாவது மேலே இருக்கட்டும், குண்டு இரும்பில் படக்கூடாது.

இனி கயிறு. சட்டத்தின் இடது ஓரத்தில் தொடங்கி, இடது கம்பிலுள்ள கப்பி, அங்கிருந்து ரேஞ்சின் ஓரமாகப் பத்துப் பதினோரு மீட்டர் பின்னால், சுடுபவருக்குப் பின்னாலேயே குறுக்கே போய், வலது ஓரமாகத் திரும்பி வலது கப்பி வழியாகச் சட்டத்தின் வலது ஓரம். சுடும் கோட்டின் இரண்டு மூலையிலும் திருப்பிவிட இன்னும் இரண்டு கப்பி வேண்டும். நைலான் இழுபடும், அட்டை தயங்கித் தயங்கிக் குதிக்கும். பின்னல் போட்ட பாலியெஸ்டர் கயிறு நல்லது.

கையால் கயிற்றை இழுத்தால் வேகம் ஒரு நிலையில் நிற்காது, அதற்குச் சைக்கிள் ரிம். பழைய இரும்புக் கடையில் 26 இஞ்ச் ரிம் ஒன்று வாங்கி, அச்சோடு ஒரு சட்டத்தில் பொருத்தி, டயர் உட்காரும் பள்ளத்தில் கயிற்றை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ரிம்மில் ஒரு கைப்பிடி. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் கயிறு நகரும். நான்கரை வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் மெது ஓட்டம், அதில் பாதி நேரத்தில் சுற்றினால் வேக ஓட்டம். வாய்க்குள் எண்ணிக்கொண்டு சுற்றிப் பழகிய உதவியாள் கிடைத்தால் மோட்டாரே தேவையில்லை, எந்தப் பக்கமிருந்து எப்போது கிளம்பும் என்று சொல்லாமல் விடுவதற்கும் ஆள்தான் சரி.

மோட்டார்

ஆள் இல்லாதவர்களுக்கு: பழைய கார் வைப்பர் மோட்டார், 12 வோல்ட். உள்ளேயே பல்சக்கரம் இருப்பதால் மெதுவாகவும் பலமாகவும் சுற்றும், நமக்கு வேண்டியது அதுதான். பெரும்பாலானவற்றில் இரண்டு வேகம் இருக்கும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 சுற்று, 65 சுற்று. 45 சுற்றுக்கு 17 செ.மீ. விட்டமுள்ள புல்லி போட்டால் மெது ஓட்டம். 65 சுற்றில் வேக ஓட்டம் வர 23.5 செ.மீ. வேண்டும். பிளைவுட்டில் இரண்டையும் வெட்டி, ஓரத்தில் பள்ளம் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகிவிடலாம். ஒரு புல்லியிலிருந்து இன்னொன்றுக்குக் கயிற்றை மாற்றினால் தளர்வும் மாறும், மோட்டார் பலகையை முன்பின் நகர்த்த நீளத் துளை விட்டுவையுங்கள். கயிற்றின் பாரத்தில் சுற்று கொஞ்சம் குறையும், கணக்கை நம்பாமல் இரண்டு மீட்டரைக் கடக்க எத்தனை வினாடி என்று அளந்துகொள்ளுங்கள். வேகம் கூடுதலாக இருந்தால் பி.டபிள்யூ.எம். வேகக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று இறக்கித் தரும், டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மோட்டாரை ரிம் இருந்த இடத்திலேயே, சுடும் கோட்டுக்குப் பின்னால் வையுங்கள். அட்டை பக்கம் வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், குண்டு படவும் வழியில்லை, ரிப்பேருக்கு முன்னால் ஓடவும் வேண்டாம். யு.பி.எஸ். பேட்டரி 12 வோல்ட் 7 ஏ.எச். போதும், பாசிட்டிவ் வயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். திசை மாற்ற, நடுவில் நிறுத்தம் உள்ள இருவழி ஆறு முனை டாகிள் சுவிட்ச். ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எதிர்ப்பக்கம் தட்டினால் ஃபியூஸ் போகும், நின்றதும் மாற்றுங்கள். இன்னொன்று, பல வைப்பர் மோட்டாரில் உடலே நெகட்டிவ். திசை மாற்றும்போது உடல் பாசிட்டிவ் ஆகிவிடும், அதனால் இரும்புச் சட்டத்தில் நேராகத் திருகாமல் பலகையில் பொருத்துங்கள்.

சுடும்போது

எல்லோருக்கும் கண்ணாடி, வேடிக்கை பார்க்க வந்த மாமாவுக்கும்தான். சுடும் கோட்டுக்கு முன்னால் யாரும் இருக்கும்வரை துப்பாக்கி குண்டில்லாமல், திறந்த நிலையில் கீழே இருக்க வேண்டும். தோப்பு வாசலில் ஒரு சிவப்புத் துணி. "லோடு", "ஸ்டார்ட்", "ஸ்டாப்", "அன்லோடு" என்ற நான்கு சொல்லும் ஒருவர் வாயிலிருந்து மட்டும் வரட்டும். "ஸ்டாப்" மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பத்து மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு 0.06 வினாடி ஆகிறது. அதற்குள் அட்டை மெது ஓட்டத்தில் சுமார் இரண்டரை செ.மீ. நகர்ந்துவிடும், வேக ஓட்டத்தில் ஐந்து செ.மீ. ஆகவே நடுவைப் பார்த்துச் சுட்டால் நடுவில் படாது. ஒரு சுலப வழி, வளையத்தின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டரை செ.மீ. தள்ளி ஒவ்வொரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். அட்டை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கப் பொட்டைக் குறியில் பிடித்து, அதோடேயே குழலை நகர்த்திக்கொண்டு போய், நகர்த்துவதை நிறுத்தாமல் விசையை அழுத்துங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் விசை விட்டபின் குண்டு வெளியேறவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் குழல் அட்டையோடு நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த நேரம் உங்களைப் பாதிக்காது. ஓரிடத்தில் குழலை நிறுத்தி, அட்டை வந்ததும் சுடுவோம் என்றால் பாதிக்கும். வருவதைக் கண்டு விரல் அசையவே 0.2 வினாடி ஆகும், அதற்குள் மெது ஓட்டத்திலேயே அட்டை எட்டு செ.மீ. தாண்டிப் போயிருக்கும். சித்திரைத் திருவிழாக் கடையில் வளைந்த குறிமுள்ளை வைத்துக்கொண்டு பலூன் உடைத்த பெருமையெல்லாம் இங்கே செல்லாது.

ஓட்டைகள் எல்லாம் வளையத்துக்குப் பின்னால், அட்டை வந்த பக்கமாக விழுந்திருந்தால் விசையை அழுத்தும் கணத்தில் கை நின்றுவிடுகிறது என்று அர்த்தம். பொட்டைத் தள்ளி ஒட்டுவதற்கு முன்னால் கையைச் சரிசெய்யுங்கள். நகர்த்துவது தோளாலோ கையாலோ இல்லை, இடுப்பிலிருந்து மேலுடம்பு மொத்தமும் திரும்ப வேண்டும். கால்களை இடைவெளியின் நடுவுக்கு நேராக வைத்து நின்றால் இரண்டு பக்கமும் சமமாகத் திரும்ப வரும். துப்பாக்கி இல்லாமல் விரலைக் காட்டியே அட்டையைத் தொடர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் குண்டில்லாமல், அப்புறம் குண்டோடு. பத்துக்கு ஏழு குண்டு கருப்புக்குள் விழுகிற வரை மெது ஓட்டத்தை விட்டு வேக ஓட்டத்துக்குப் போகாதீர்கள். போகும்போது பொட்டை ஐந்து செ.மீ. தள்ளி ஒட்ட மறக்க வேண்டாம்.

முடிந்ததும் ஜமக்காளத்தடியில் விழுந்த ஈயத்தைப் பொறுக்கி மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். துடைப்பத்தால் வறட்டுத் தூசி கிளப்பிப் பெருக்காமல், தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டீயும் வடையும். டப்பா நிறைந்ததும் பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடலாம், வீட்டில் உருக்க வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது. மணல் மூட்டையை வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துச் சலித்து மாற்றி அடுக்குங்கள், நடு மூட்டைகளில் ஈயம் சேர்ந்து கெட்டியாகிவிட்டால் புதுக் குண்டு பழைய குண்டில் பட்டுத் தெறிக்க ஆரம்பிக்கும்.